விட்டுவிடத் தெரிந்த தூண்டில்

1787-ஆம் ஆண்டு மே மாதம். கடல் நீர்நாயின் தோலை வாங்க வந்த ஜார்ஜ் டிக்ஸன் என்ற ஆங்கிலேய மாலுமி, தம்முடைய 'குயின் ஷார்லட்' கப்பலை அலாஸ்காவின் யாக்குடாட் விரிகுடாவில் நங்கூரம் பாய்ச்சி நிறுத்தியிருந்தார். கப்பலில் இருந்தவர்களுக்கு நல்ல மீன் வேண்டும். விரிகுடாவின் அடியில் ஹாலிபட் என்ற பெரிய தட்டை மீன் ஏராளமாகக் கிடந்தது. தங்கள் இரும்புக் கொக்கிகளைக் கொடுத்து ஒரு படகை அனுப்பினார்கள். அதே நீரில் அந்தக் கரையின் டிலிங்கிட் மக்களும் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்களுடையது மரத் தூண்டில். மீன் அவர்களுக்கே அதிகம் விழுந்தது. இந்த ஆட்டத்தில் நாங்கள் தோற்றுப்போனோம் என்று டிக்ஸனின் பயண நூல் மனம்விட்டு ஒப்புக்கொள்கிறது. அதற்குப் பிறகு மீனுக்கென்று படகு அனுப்புவதையே விட்டுவிட்டு, அந்த மக்களிடமே வாங்கிக்கொண்டார்கள்.

அந்த நாளில் ஐரோப்பியர்கள் உலகமெங்கும் இரும்பைக் காட்டித்தான் வணிகம் செய்தார்கள். அந்த இரும்பை மரம் வென்றது எப்படி என்பதுதான் இந்தத் தூண்டிலைப் பற்றி முதலில் கேட்க வேண்டிய கேள்வி.

பழைய டிலிங்கிட் தூண்டிலைப் படத்தில் புதிதாகப் பார்ப்பவருக்கு அது தூண்டில் என்றே தோன்றாது. ஒரு முழத்துக்குள் அடங்கிவிடும் இரண்டு மரத் துண்டுகள். ஒரு முனையில் இரண்டையும் சேர்த்து, பிளந்த வேரால் இறுக்கிக் கட்டியிருப்பார்கள். மறுமுனை கவட்டைபோல விரிந்திருக்கும். ஒரு கையின் உட்புறத்தில் எலும்பு முள் ஒன்று இருக்கும். அதன் கூர் விரிந்த வாயை நோக்கி இருக்காது, உள்ளே கட்டு இருக்கும் பக்கம் சாய்ந்திருக்கும். மற்றொரு கையின் வெளிப்புறத்தில் நீர்நாயோ, ஓநாயோ, பேய்க்கணவாயோ, ஒரு பூசாரியின் முகமோ செதுக்கியிருக்கும். டிலிங்கிட் மொழியில் இதற்கு 'நாஹ்வ்' என்று பெயர். தெற்கே அண்டை மக்களான ஹைடாக்களும் சிம்ஷியன்களும் இதே கவட்டை வடிவத்தைத்தான் பயன்படுத்தினார்கள். இன்னும் தெற்கே, வாஷிங்டன் மாநிலத்தின் முனையில் இருக்கும் மக்கா மக்கள் ஒரே மரக்குச்சியை ஆவியில் வேகவைத்து வளைத்து வேறொரு வடிவத்தில் செய்தார்கள்.

மீனைத் தெரிந்துகொண்டால்தான் தூண்டில் புரியும். ஹாலிபட் குஞ்சாக இருக்கும்போது மற்ற மீன்களைப்போலத் தலைக்கு இருபுறமும் ஒவ்வொரு கண்ணோடுதான் இருக்கும். வளர வளர இடது கண் மெல்ல நகர்ந்து வலப்பக்கத்துக்கு வந்துவிடும். அதற்குப் பிறகு வாழ்நாள் முழுவதும் ஒருக்களித்துக் கடல் தரையில் படுத்தே கிடக்கும். மேல்புறம் மண்ணின் கரும்பழுப்பு, கீழ்ப்புறம் வெள்ளை. நம் கடலில் கிடைக்கும் எருமைநாக்கு மீனின் தூரத்து உறவு என்று சொல்லலாம், ஆனால் அளவில் எட்டவே முடியாது. 200 கிலோவைத் தாண்டிய ஹாலிபட்கள் பிடிபட்டிருக்கின்றன. அப்படிப் பெருத்தவை எல்லாம் பெண் மீன்கள். ஆண்கள் அந்த அளவுக்கு வளர்வதில்லை.

இந்த மீன் இரையைக் கடித்து இழுப்பதில்லை. வாயைத் திறந்து நீரோடு சேர்த்து உறிஞ்சி எடுக்கும். உள்ளே வந்தது விழுங்க முடியாததாக இருந்தால் அதே வேகத்தில் வெளியே துப்பும். டிலிங்கிட் தூண்டில் முழுவதும் இந்தத் துப்பலைக் கணக்கில் வைத்தே செய்யப்பட்டது. கவட்டையின் ஒரு கையை இரையோடு மீன் உள்ளே உறிஞ்சுகிறது. கட்டை விழுங்க வராது. துப்பித் தலையை உதறும்போது, உள்நோக்கிச் சாய்ந்திருக்கும் முள் கன்னத்தில் ஏறுகிறது. மீன் விடுபட முயல முயல முள் இன்னும் ஆழமாகப் போகும். மீனவர் கயிற்றைச் சுண்டி இழுக்க வேண்டியதில்லை, கையில் பிடித்துக்கொண்டு காத்திருக்கவும் வேண்டாம். மீன் தன்னைத் தானே மாட்டிக்கொள்ளும்.

இன்னொரு கணக்கும் அதில் உண்டு. எனக்கு இந்தத் தூண்டிலின் மேல் இவ்வளவு மதிப்பு வந்ததற்கு அதுதான் காரணம். முள்ளின் கூருக்கும் எதிர்க் கைக்கும் இடையில் விடுகிற இடைவெளிதான் எந்த மீன் பிடிபடும் என்பதைத் தீர்மானிக்கிறது. சின்ன மீனின் வாய்க்குள் அந்தக் கை நுழையாது. மிகப் பெரிய மீனின் தாடை அந்த இடைவெளிக்குள் அடங்காது. ஆகவே நடுத்தர மீன்தான் மாட்டும், ஏறக்குறைய 10 கிலோவிலிருந்து 45 கிலோ வரை. குஞ்சும் தப்பும், பெருமீனும் தப்பும். பெருமீன் என்றால் முட்டை நிறைந்த தாய் மீன். ஓடத்தில் போகும் மனிதருக்கும் இதில் நன்மை இருந்தது. ஒற்றை மரத்தைக் குடைந்த ஓடத்தில் இருந்துகொண்டு 150 கிலோ மீனோடு மல்லுக்கு நின்றால் ஓடமே கவிழும். உயிருக்கான பாதுகாப்பும் கடலுக்கான பாதுகாப்பும் ஒரே இடைவெளிக்குள் அடங்கின. இதில் எதை முதலில் நினைத்து அளவு வைத்தார்கள் என்று பிரித்துப் பார்க்கத் தேவையில்லை. பலன் இரண்டும்தான்.

செய்முறையைச் சற்று நின்று பார்க்க வேண்டும். இரண்டு கைகளுக்கும் ஒரே மரத்தை எடுக்க மாட்டார்கள். ஒன்று மிதக்கும் மரம், பெரும்பாலும் மஞ்சள் செடார். நெருக்கமான இழையும் நல்ல மணமும் உள்ள மரம். மிக மெதுவாக வளரும், எளிதில் மக்காது. மற்றது அதைவிடக் கனமான ஆல்டர் அல்லது யூ. எடை வேறுபாடு இருப்பதால்தான் தூண்டில் நீருக்குள் தாறுமாறாகச் சுழலாமல், எந்தக் கை மேலே, எந்தக் கை கீழே என்று நிலைத்து நிற்கும். முடிச்சில்லாத, இழை நேராக ஓடும் துண்டாகத் தேடி எடுப்பார்கள். வாய்ச்சியால் உருவம் வரச் செதுக்கி, வளைந்த கத்தியால் நுணுக்கம் சேர்ப்பார்கள். உலர்ந்த சுறாத் தோலால் தேய்த்து வழவழப்பாக்குவார்கள். அந்தக் கரையில் உப்புத்தாளின் வேலையைச் செய்தது சுறாத் தோல்தான். முள்ளுக்குக் கரடியின் எலும்பு நல்லது. அதைச் சீவிக் கூராக்கி, மரத்தில் பள்ளம் வெட்டியோ துளையிட்டோ பொருத்திக் கட்டுவார்கள்.

கட்டும் கயிறு காட்டிலிருந்து வரும். ஸ்புரூஸ் மரத்தின் நீண்ட மெல்லிய வேர்களைத் தோண்டி எடுத்து, நெருப்பில் வாட்டி, பட்டையை உரித்து, நெடுக்காகப் பிளப்பார்கள். கூடை முடைவதும் இதே வேரில்தான். வேர் தோண்டுவதும் பிளப்பதும் பெண்களின் கைத்திறன். ஆகவே ஆண் கடலுக்கு எடுத்துப் போகும் தூண்டிலிலும் பெண்ணின் உழைப்பு கட்டாகச் சுற்றியிருந்தது. நனைந்த வேரால் இறுகக் கட்டிவிட்டால் உப்புநீரில் கிடந்தும் கட்டு பிடிப்பை விடாது.

தூண்டில் கயிற்றைக் கடலே கொடுத்தது. அந்தக் குளிர்ந்த நீரில் காடுபோல் வளரும் கெல்ப் என்ற கடற்பாசிக்குப் பல மீட்டர் நீளத்துக்கு ஒரே தண்டு உண்டு. அதை நன்னீரில் ஊறவைத்து, இழுத்து நீட்டி, உலர்த்தி, ஒன்றோடொன்று முடிந்து நீளமான கயிறாக்கினார்கள். காய்ந்தால் ஒடியும், நனைந்தால் வலுவாகும். அதனால் கடலில் இறக்குவதற்கு முன் மறுபடியும் ஊறவைப்பார்கள். செடார் மரத்தின் உள்பட்டையைத் திரித்த கயிறும் உண்டு. மிதவைக்குச் சிலர் கடல்நாயின் இரைப்பையை ஊதிக் கட்டினார்கள். சிலர் கடற்பறவையின் வடிவில் மரத்தைச் செதுக்கி மிதக்கவிட்டார்கள். ஓடத்திலிருந்து பார்க்கிறவருக்கு, அந்தப் பறவை தலையை ஆட்டினால் அடியில் மீன் மாட்டியிருக்கிறது என்று பொருள்.

இரை பேய்க்கணவாயின் சதை. வலுவான சதை என்பதால் சீக்கிரம் பிய்ந்து போகாது. அதைத் தூண்டிலின் கையில் வைத்துக் கட்டுவார்கள். தூண்டிலிலிருந்து ஒரு சிறு கயிறு கல்லுக்குப் போகும். கல் தரையில் கிடக்க, மரம் மிதக்கும் குணத்தால் தூண்டில் தரைக்குச் சற்று மேலே நிற்கும். தரையில் ஊரும் நண்டுக்கும் வேண்டாத சிறு மீனுக்கும் இரை எட்டாது. இரும்புக் கொக்கி தரையில் போய் விழுந்து சேற்றிலும் பாசியிலும் கிடந்தபோது, மரத் தூண்டில் ஹாலிபட்டின் வாய்க்கு நேராக நின்றது. டிக்ஸனின் படகு தோற்ற இடம் இதுதான் என்பது என் கணிப்பு.

செதுக்கிய உருவம் கீழே கடல் தரையைப் பார்த்தபடி இருக்கும். மேலே இருக்கிற மனிதர் யாரும் அதைப் பார்க்கப் போவதில்லை. பார்ப்பது ஹாலிபட் மட்டும். மீன் தன்னைத் தரவேண்டும், தூண்டில் தன் வேலையைச் செய்யவேண்டும் என்ற நம்பிக்கை அந்தச் செதுக்கலில் இருந்தது. தூண்டிலை நீரில் இறக்கும்போது அதனிடம் பேசுவதும், மீனை மதிப்போடு அழைப்பதும் வழக்கம். தனித்தனித் தூண்டிலுக்குத் தனித்தனிக் குணம் உண்டு என்று கருதினார்கள். ராசியுள்ள தூண்டில் தலைமுறை தாண்டிக் கைமாறியது. ஒரு குடும்பத்தின் உணவு தேடும் கருவியும் பூசைப் பொருளும் ஒன்றாகவே இருந்த காலம் அது. அழகு தனி, பயன் தனி என்று பிரிக்கும் பழக்கம் அங்கே இல்லை.

மீன் மேலே வந்ததும் செதுக்கிய தடியால் தலையில் ஒரே அடி. துள்ளும் ஹாலிபட்டை உயிரோடு ஓடத்தில் ஏற்றுவது ஆபத்து. கரையில் பெண்கள் சதையை மெல்லிய இதழ்களாக அரிந்து, காற்றிலும் புகையிலும் உலர்த்தி வைத்தார்கள். சால்மன் மீன் பருவத்துக்கு வந்து பருவத்தோடு போய்விடும். ஹாலிபட் அப்படியில்லை, சால்மன் ஆற்றில் ஏறாத மாதங்களிலும் கிடைக்கும். இடைப்பட்ட காலத்தில் வயிற்றைக் காப்பாற்றிய மீன் அது.

இனி மாற்றத்தின் கதை. முதலில் வந்தது ஆணி. வணிகக் கப்பல்களிலிருந்து கிடைத்த இரும்பை எலும்பு முள்ளின் இடத்தில் வைத்தார்கள். மரக் கைகள் அப்படியே இருந்தன, கட்டும் அப்படியே இருந்தது. வந்ததில் நல்லதை எடுத்துத் தங்கள் கருவியைச் செம்மைப்படுத்திக்கொண்டார்கள். அருங்காட்சியகங்களில் இன்று இருக்கும் பழைய தூண்டில்களில் இரும்பு முள் வைத்தவை நிறைய உண்டு. இதை நான் சிதைவாகப் பார்க்கவில்லை. கருவி உயிரோடு இருந்ததற்கு அடையாளம் அது.

சிதைவு பிறகு வந்தது. 1867-இல் ரஷ்யா அலாஸ்காவை அமெரிக்காவுக்கு விற்றது. அந்த நிலம் எங்களுடையது, விற்க நீங்கள் யார் என்று டிலிங்கிட் தலைவர்கள் கேட்டதை யாரும் காதில் வாங்கவில்லை. 1878-இல் கிளாவாக் என்ற டிலிங்கிட் ஊரில் மீனை டின்னில் அடைக்கும் ஆலை வந்தது. தமக்காக மீன் பிடித்த மக்கள் ஆலைக்காகப் பிடிக்கவும், கூலிக்கு மீன் வெட்டவும் தொடங்கினார்கள். மிஷனரிப் பள்ளிகள் பிள்ளைகளை வீட்டு மொழியிலிருந்து பிரித்தன. தாய்மாமனிடம் மருமகன் வேலை கற்றுக்கொள்வது டிலிங்கிட் வழக்கம். அந்தப் பிள்ளை விடுதியில் இருந்தால் யார் யாருக்குக் கற்றுக்கொடுப்பது? கடையில் வாங்கிய எஃகுக் கொக்கியும் பருத்திக் கயிறும் மலிவாகக் கிடைத்தன. வேர் தோண்டவும், கெல்ப் உலர்த்தவும், மரம் தேடவும் ஆகும் நாட்கள் மிச்சமாயின. ஒரு தலைமுறை எஃகுக்கு மாறியதைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வயிற்றுப்பாட்டுக்கு எது விரைவோ அதை எடுத்தார்கள்.

அதே காலத்தில் தூண்டில்களைத் தேடி வேறு ஆட்கள் வந்தார்கள். அலாஸ்காவில் பணியில் இருந்த அமெரிக்கக் கடற்படை அதிகாரி ஜார்ஜ் எம்மன்ஸ் டிலிங்கிட் பொருள்களை ஆயிரக்கணக்கில் திரட்டினார். நியூயார்க்கின் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்துக்கு அவற்றில் பெரும்பகுதி போனது. அவர் எழுதிவைத்த குறிப்புகள் பின்னால் ஃபிரடெரிக்கா டி லகூனா என்ற மானுடவியலாளரால் தொகுக்கப்பட்டு 1991-இல் பெரிய நூலாக வந்தன. இன்று செதுக்குகிறவர்களும் அந்த நூலைப் புரட்டுகிறார்கள் என்பதால் எம்மன்ஸின் பணியை ஒரேயடியாக ஒதுக்கிவிட முடியாது. ஆனாலும் ஊரில் கடலுக்குப் போய்வந்த தூண்டில்கள் கிழக்கே கண்ணாடிப் பெட்டிக்குப் போனபோது, ஊரில் மாதிரிக்குக்கூட ஒன்று கிடைப்பது அரிதானது. சுற்றுலாக் கப்பல்கள் வரத் தொடங்கியதும் வாங்கிப் போகிறவர்களுக்காகவே தூண்டில் செதுக்கும் வழக்கம் வந்தது.

ஜோனத்தன் மாலிண்டைன் என்ற ஆய்வாளர் அருங்காட்சியகங்களில் இருக்கும் இந்தத் தூண்டில்களை ஒவ்வொன்றாக அளந்து 2017-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். மீன் பிடிக்கும் கருவியாக இருந்தது காலப்போக்கில் பெரும்பாலும் அலங்காரக் கலைப்பொருளாக மாறிய பாதையை அந்த அளவுகள் காட்டின. கடலுக்குப் போன தூண்டிலில் ஹாலிபட்டின் பல் பதிந்த தடம் இருக்கும். கட்டு தேய்ந்திருக்கும். விற்பனைக்குச் செய்தது வழவழவென்று இருக்கும்.

தொழிலாக நடந்த ஹாலிபட் மீன்பிடியின் பாதை தனி. 1888-இல் 'ஆஸ்கர் அண்ட் ஹாட்டி' என்ற பாய்மரக் கப்பல் வடமேற்குக் கடலில் பிடித்த ஹாலிபட், ஐஸில் வைத்து ரயிலில் பாஸ்டனுக்குப் போனது. ரயில் பாதை கிழக்குச் சந்தையைத் திறந்துவிட்டது. நம் கரையில் ஆயிரங்கால் தூண்டில் என்று சொல்வார்களே, அந்த வகையில் நீளக் கயிறுகளில் நூற்றுக்கணக்கான கொக்கிகள் கடலில் இறங்கின. இருபது முப்பது ஆண்டுகளில் அருகிலுள்ள மீன்தளங்கள் வறண்டன. 1923-இல் அமெரிக்காவும் கனடாவும் ஹாலிபட்டைக் காக்க ஓர் ஒப்பந்தம் போட்டன. பிரிட்டனின் கையெழுத்து இல்லாமல் கனடா தானே கையெழுத்திட்ட முதல் உடன்படிக்கை அதுதான். அதன்படி அமைந்த பன்னாட்டு ஹாலிபட் ஆணையம் சியாட்டிலிலிருந்து இன்றும் இயங்குகிறது.

ஆணையம் அளவு வைத்தது, பருவம் குறித்தது. படகுகளோ பெருகிக்கொண்டே போயின. 1990-களின் தொடக்கத்தில் அலாஸ்காவின் பல பகுதிகளில் ஹாலிபட் பருவம் என்பது ஆண்டுக்கு ஓரிரு முறை, முறைக்கு 24 மணி நேரம் என்று சுருங்கிவிட்டது. அந்த ஒரு நாளில் புயல் அடித்தாலும் போக வேண்டும். படகுகள் மூழ்கின, ஆட்கள் இறந்தார்கள், அறுத்துவிட்ட கயிறுகள் கடலில் கிடந்து மீனை வீணாகக் கொன்றன. 1995-இல் ஒவ்வொருவருக்கும் பங்கு பிரித்துக் கொடுக்கும் முறை வந்தது. உயிர்ச்சேதம் குறைந்தது, நல்ல மீன் சந்தைக்கு வந்தது. பங்கு விற்கக்கூடிய சொத்தானதால் பணமுடை வந்த சிற்றூர்க்காரர்கள் அதை விற்றார்கள். வீட்டு வாசலிலிருந்து மீன்தளம் தெரியும் ஊர்களில், தொழிலாக ஹாலிபட் பிடிக்க உரிமை உள்ளவர்கள் குறைந்துபோனார்கள்.

இதற்கு நடுவில் ஒரு மாற்றம் சத்தமில்லாமல் நடந்தது. 1980-களின் தொடக்கத்தில் ஹாலிபட் படகுகள் நேரான பழைய கொக்கியை விட்டுவிட்டு வட்டக் கொக்கிக்கு மாறின. இதன் கூர் வெளியே பார்க்காது, உள்ளே தண்டை நோக்கித் திரும்பியிருக்கும். மீன் விழுங்கி விலகும்போது தாடையின் ஓரத்தில் தானாக ஏறும். ஆணையத்தின் ஒப்பீட்டில் வட்டக் கொக்கிக்கு இரண்டு மடங்குக்கும் மேல் மீன் கிடைத்தது. அமெரிக்க அரசு 2004-இல் அட்லாண்டிக்கின் நெடுங்கயிற்றுப் படகுகளுக்கு, கடலாமைகளின் சாவைக் குறைப்பதற்காக, பெரிய வட்டக் கொக்கியைக் கட்டாயமாக்கியது. உள்நோக்கிய கூர், மீனே தன்னை மாட்டிக்கொள்வது, தொண்டைக்குப் போகாமல் கன்னத்தில் பிடிப்பது ஆகிய மூன்றையும் டிலிங்கிட் செதுக்கியவர் எலும்பாலும் மரத்தாலும் செய்து முடித்திருந்தார். எஃகு இருநூறு ஆண்டு சுற்றி அந்த இடத்துக்கே வந்து சேர்ந்தது. இந்தப் பெருமை அந்தக் கரையின் பெயரால் பாடப்புத்தகங்களில் ஏற வேண்டும் என்று நான் விரும்புகிறேன். அலாஸ்காவின் கண்டுபிடிப்பாளர்களுக்கான புகழ்க்கூடத்தில் இந்த மரத் தூண்டிலுக்கு இடம் தந்திருப்பது நல்ல தொடக்கம்.

வட்டக் கொக்கி எடுத்துக்கொள்ளாத பாடம் ஒன்று மிச்சமிருக்கிறது. பழைய மரத் தூண்டில் பெருமீனை விட்டது. எஃகு வட்டம் விடுவதில்லை. ஆகவே எதை விடுவது என்பதைச் சட்டம் சொல்ல வேண்டிவந்தது. தென்கிழக்கு அலாஸ்காவில் வாடகைப் படகில் வந்து பொழுதுபோக்காகத் தூண்டில் போடும் விருந்தினர்களுக்கு 2012-இல் வந்த விதியைப் பாருங்கள். 45 அங்குலமோ அதற்குக் கீழோ இருந்தால் வைத்துக்கொள்ளலாம். 68 அங்குலமோ அதற்கு மேலோ இருந்தாலும் வைத்துக்கொள்ளலாம். நடுவில் உள்ளதைக் கடலில் விட்டுவிட வேண்டும். அளவுகள் பிறகு மாறினாலும் பல ஆண்டுகள் விதியின் அமைப்பு இதுவாகவே இருந்தது. மொத்தமாகப் பிடிபடும் எடையைக் குறைக்க வேண்டும், பெருமீன் பிடிக்கும் ஆசையோடு வருகிறவர்களையும் இழக்கக் கூடாது என்பது அதன் நோக்கம். 68 அங்குல மீன் அரிதாகவே மாட்டும் என்பதால் கணக்கில் அது சரியாக வரலாம். ஆனால் மரத் தூண்டில் பிடித்ததில் பெரும்பகுதியை விடச் சொன்னது, அது விட்ட பெருமீனைப் பிடிக்க இடம் கொடுத்தது இந்த விதி. தாய் மீனைப் பரிசுப் பொருளாகப் பார்ப்பது சரியில்லை என்பது என் கருத்து. பல பத்தாண்டுகள் வாழ்ந்து, ஆண்டுதோறும் லட்சக்கணக்கில் முட்டையிடும் மீன் அது.

ஊர் மக்கள் வீட்டு உணவுக்காகப் பிடிக்கும் ஹாலிபட்டுக்கு 2003-இல்தான் கூட்டாட்சி விதிகளில் முறையான இடம் கிடைத்தது. சிற்றூர்வாசிகளும் பழங்குடி உறுப்பினர்களும் ஒரு சான்றிதழ் வாங்கிக்கொண்டு 30 கொக்கிகள் வரை போடலாம். நூற்றாண்டுகளாகப் பாட்டன் பூட்டன் பிடித்த மீனுக்கு இருபத்தோராம் நூற்றாண்டில் அட்டை கொடுத்தார்கள். தாமதம்தான். இருந்தாலும் அந்த அட்டையால் பல குடும்பங்களின் உறைபெட்டியில் ஹாலிபட் இருக்கிறது, முதியவர்களுக்கும் விதவைகளுக்கும் பங்கு போகிறது.

மரத் தூண்டிலும் முழுதாக அழிந்துவிடவில்லை. கிளாவாக்கிலும் ஜூனோவிலும் செதுக்குகிறவர்கள் இருக்கிறார்கள். ஜூனோவின் சீலாஸ்கா மரபு நிறுவனம் டிலிங்கிட், ஹைடா, சிம்ஷியன் கலைகளைக் கற்றுக்கொடுக்கிறது, அதில் தூண்டிலும் உண்டு. சிலர் தாங்கள் செதுக்கியதைக் கடலில் இறக்கி மீனும் பிடித்துக் காட்டியிருக்கிறார்கள். ஆனால் செய்யப்படுவதில் பெரும்பகுதி சுவருக்குப் போகிறது. ஒரு நல்ல மரத் தூண்டிலுக்குக் கலைச் சந்தையில் கிடைக்கும் விலை, அது பிடித்துத் தரக்கூடிய மீனின் விலையைவிட மிக அதிகம். பல நாள் உழைப்பில் உருவானதைக் கல்லில் கட்டிக் கடலடியில் இறக்க யாருக்குத்தான் துணிவு வரும்? அறுந்து போனால் போனதுதான். செதுக்கி வாழ்கிறவருக்கு அந்தப் பணம் தேவை. ஆகவே அவரைக் குறை சொல்வதில் நியாயமில்லை. சுவரில் தொங்கும் தூண்டிலில் இடைவெளி அரை அங்குலம் கூடினாலும் குறைந்தாலும் தெரியாது, கடலில் மட்டும்தான் தெரியும். கற்றுக்கொள்ளும் இளையவருக்கு அந்தக் கணக்கைக் கற்றுத் தருவது ஹாலிபட் ஒன்றுதான்.

மரத்துக்கே இப்போது துன்பம் வந்திருக்கிறது. மஞ்சள் செடாரின் வேர் நிலத்தின் மேல்மட்டத்தில் ஓடுவது. குளிர்காலக் கடைசியில் வரும் கடும் உறைபனியிலிருந்து அந்த வேரைக் காத்தது, நிலத்தின் மேல் கனமாகக் கிடந்த பனிப் படலம். பருவநிலை சூடேறி, பனியாக விழுந்தது மழையாக விழத் தொடங்கியதும் வேர் வெறுமையாகிவிட்டது. திடீரென வரும் உறைபனியில் நுண்வேர்கள் செத்து மரம் நின்றபடியே பட்டுப்போகிறது. தென்கிழக்கு அலாஸ்காவில் இப்படிச் செடார் பட்டுப்போன காடு 5 லட்சம் ஏக்கரைத் தாண்டிவிட்டது. மக்காத குணம் மட்டும் செத்த பின்னும் அதைவிட்டுப் போகவில்லை. பட்டுப்போய் எண்பது ஆண்டு நின்ற மரத்தின் வைரமும் செதுக்க நன்றாக இருக்கிறது என்று வனத்துறை ஆய்வுகள் சொல்கின்றன. ஆகவே நம் காலத்தில் செதுக்குகிறவருக்கு மரம் கிடைக்கும். அவருடைய பேரப்பிள்ளைக்கும் கிடைக்க வேண்டுமானால் உயிருள்ள செடார் நிற்கும் காடுகளை இப்போதே வெட்டாமல் ஒதுக்கிவைக்க வேண்டும்.

சியாட்டிலிலும் அதைச் சுற்றியும் இன்று நிறையத் தமிழ்க் குடும்பங்கள் வாழ்கின்றன. அங்கே வாஷிங்டன் பல்கலைக்கழக வளாகத்தில் இருக்கும் பர்க் அருங்காட்சியகத்தில் வடமேற்குக் கரை மக்களின் பொருள்கள் பெரிய அளவில் உள்ளன. பிள்ளைகளோடு எப்போதாவது அங்கேயோ, அலாஸ்காப் பயணத்தில் ஜூனோவிலோ இந்தத் தூண்டில் ஒன்றைப் பார்க்க நேர்ந்தால், செதுக்கிய முகத்தை மட்டும் படம் எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடாதீர்கள். முள்ளுக்கும் எதிர்க் கைக்கும் நடுவில் விட்டிருக்கும் இடைவெளியைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். எந்த மீன் உள்ளே வரும், எது வராது என்று அவர்களையே சொல்லச் சொல்லுங்கள். மரத்தில் பல் தடம் இருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால், அது கடலுக்குப் போய் ஒரு குடும்பத்துக்குச் சோறு போட்ட தூண்டில்.